இரும்பு வாணலியும் உன் அம்மாவின் நாக்கும்

அன்பு மகள் வாலுவுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் அங்கே நல்லபடியாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டே பேனாவை எடுத்திருக்கிறேன். இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். இந்த வருடம் முழுக்க யாராவது சுகமா என்று கேட்டால் வாய்க்குள்ளேயே எதையோ முணுமுணுத்துவிட்டு நகர்ந்துவிடுவேன், இன்றைக்குத்தான் அதை எழுத்தில் எழுதும் தைரியம் வந்திருக்கிறது, அதனால் இன்னொரு தரமும் எழுதிக்கொள்கிறேன், சுகம். தினமும் போனில் முகத்தைப் பார்த்துப் பேசுகிறோம், இந்த மனுஷனுக்குக் கடிதம் எதற்கு என்று நீ சிரிப்பாய். நம் வீட்டுப் போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் அலறும், நான் குளியலறைக்குள் போய்ப் பேசினாலும் உன் அம்மா கதவைத் தட்டி என்ன ரகசியம் என்று கேட்பாள். ஆகையால் மாடியிலிருந்து இறங்கி வந்து கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். மேஜையில் ஒரு தையல் மிஷினைப் பிரித்துப் போட்டிருக்கிறேன், மிச்சமுள்ள இடத்தில்தான் காகிதம், ஆகவே கையெழுத்து கோணலாக இருந்தால் என் வயதைக் குறை சொல்லாதே.

முதலில் உனக்கு நன்றி. பெற்ற மகளுக்கு யாராவது நன்றி சொல்வார்களா என்று அம்மா கேட்பாள், கேட்டுவிட்டுப் போகட்டும். அவளுடைய ஆபரேஷன் சமயத்தில் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு பறந்து வந்தாய், ஆஸ்பத்திரி பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என் சட்டைப் பொத்தானைப் பிடித்துத் திருகிக்கொண்டே இருந்தாய், சின்ன வயதில் செய்வது போலவே. அந்தப் பொத்தான் பிய்ந்து விழுந்துவிட்டது. ஊரார் துணிக்கெல்லாம் மிஷின் சரிசெய்து கொடுக்கிற நான் என் சட்டைக்கு அதை இன்னும் தைத்துக்கொள்ளவில்லை. நீ வந்திராவிட்டால் அந்த நாட்களை நான் எப்படிக் கடந்திருப்பேன் என்று தெரியவில்லை வாலு. திரும்பிப் போகும்போது வாசலில் நின்று, எதையும் மறைக்கக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினாய். சத்தியத்தைக் காப்பாற்றத்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான்.

விஷயம் இதுதான், பதறாமல் படி, முடிவு நல்ல முடிவு. ஆபரேஷனுக்குப் பிறகு மருந்து ஏற்ற ஆரம்பித்தார்கள் அல்லவா, நடுவில் டாக்டர் கொஞ்சம் ஓய்வெடுக்கச் சொல்லியிருக்கிறார் என்று அம்மா உன்னிடம் போனில் சொன்னாளே, அது ஓய்வு இல்லை. அவள் சாப்பிடுவதையே விட்டுவிட்டாள். எடை மளமளவென்று இறங்கிவிட்டது. இந்த உடம்பு அடுத்த சுற்று மருந்தைத் தாங்காது, எடை ஏறினால்தான் ஊசி, இல்லாவிட்டால் நிறுத்த வேண்டியதுதான், நிறுத்தினால் அந்தக் கட்டி மறுபடி தலைதூக்காது என்று என்னால் உத்தரவாதம் தர முடியாது என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். உன்னிடம் சொன்னால் நீ மறுபடி வேலையை விட்டுவிட்டு ஓடி வருவாய் என்று அம்மா வாயைத் திறக்கக் கூடாதென்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். நான் கடையைப் பூட்டினேன். அவள் கட்டிலுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை அதுதான் என் வேலை, கிண்ணத்தை நீட்டுவது, ஒரு வாய் சாப்பிடு என்று கெஞ்சுவது, அவள் தலையைத் திருப்பிக்கொள்வது. என்ன கொடுத்தாலும் ஒரே பேச்சு, “வாயெல்லாம் இரும்பு அடிக்குது, துருப்பிடிச்ச ஆணியைச் சப்புற மாதிரி இருக்கு.”

அவள் துரு என்றதும் எனக்குப் பொறி தட்டியது. நம் வீட்டுப் பெரிய இரும்பு வாணலி உனக்கு ஞாபகம் இருக்கும், நீ முட்டை பொரிக்கிறேன் என்று காலில் போட்டுக்கொண்டு கட்டுப் போட்ட அதே வாணலிதான். அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த காலம் முழுக்க அது சொட்டுகிற குழாயடியிலேயே கிடந்திருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் நான் அதைத் துணியால் ஒரு துடை துடைத்துவிட்டு அவளுக்கு அதிலேயே முட்டையும் உருளைக்கிழங்கும் வதக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். போய் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால், உள்ளே செக்கச்செவேலென்று துரு, வெளியே பழைய எண்ணெய்ப் பிசுக்கு மரப்பட்டை மாதிரி பொருக்குத் தட்டி நிற்கிறது. ஆகா, திருடன் அகப்பட்டான் என்று எனக்கு ஒரே சந்தோஷம். அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டி, பார், இதனால்தான் உனக்கு இரும்பு வாசனை, இதைச் சரி செய்துவிட்டால் நீ நன்றாகச் சாப்பிடுவாய் என்றேன். அவள் வாணலியைப் பார்த்தாள், என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், பிறகு, “இருக்கும், இருக்கும், நல்லாத் தேய்ச்சுப் பாருங்க” என்றாள். தண்ணீர் குடித்தாலும், ரொட்டியை வெறுமனே கடித்தாலும்கூட இரும்பு அடிக்கிறது என்பாள். அந்தத் தண்ணீரும் ரொட்டியும் வாணலிப் பக்கமே போகவில்லை என்பது என் மூளைக்கு எட்டவே இல்லை பார், அங்கேதான் உன் அப்பாவை மெச்ச வேண்டும்.

வாணலியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு இறங்கினேன். வினிகரில் தண்ணீர் கலந்து ஊற வைத்து, நடுநடுவே எடுத்துப் பார்த்து, கம்பி நாரும் உப்புத்தாளும் போட்டுத் தேய்த்தேன். ஊற வைக்கிறேன் என்று மறந்துவிட்டால் துருவோடு இரும்பையும் அரித்துவிடும் என்று மாப்பிள்ளை அனுப்பிய வீடியோவில் சொன்னார்கள், அதனால் கண்கொத்திப் பாம்பு மாதிரி காவல் இருந்தேன். நீ என் கறுப்புக் கையைப் போனில் பார்த்துவிட்டு, அப்பாவுக்கு வேறு வேலையே இல்லையா என்று சிரித்தது அப்போதுதான். பொருக்கெல்லாம் உதிர்ந்து உள்ளிருந்து சாம்பல் நிறத்தில் இரும்பு வெளிவந்ததும், வாலு, எனக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. வந்தது கண்ணீர் மட்டுமா, கூடவே பழைய புத்தியும் வந்தது. வாழ்நாள் முழுக்க இரும்பைத் துடைத்தால் அடுத்து என்ன செய்வேன், சொல்லு. கை தன்பாட்டில் எண்ணெய்க் குப்பியை எடுத்தது, வாணலி முழுக்கத் தையல் மிஷின் எண்ணெயைப் பூசிப் பளபளவென்று மாடிக்குக் கொண்டுபோய் நீட்டினேன். அம்மா ஒரு தரம்தான் மோந்து பார்த்தாள். “இதுல முட்டை போடப் போறீங்களா, சட்டை தைக்கப் போறீங்களா? எனக்கு வாய்தான் செத்துப்போச்சு, மூக்கு உயிரோடதான் இருக்கு” என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். நம் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு எவ்வளவோ நாளாகியிருந்தது.

மறுபடி சோப்பு, மறுபடி உப்புத்தாள், மறுபடி ஆதியிலிருந்து. இந்தத் தடவை சமையல் எண்ணெயைத்தான் பூசினேன். வாணலியைப் பழக்குவதற்கு, அதாவது எண்ணெய் இரும்பில் சுட்டு இறுகிப் படிவதற்கு, நல்ல சூடு வேண்டும் என்பதால் எதிர்வீட்டுப் பேக்கரிக்காரரிடம் போய் நின்றேன். ரொட்டியெல்லாம் எடுத்த பிறகு அடுப்பு சும்மாதானே அனலடித்துக்கொண்டிருக்கும், தாராளமாக வையுங்கள் என்றார். நான் எதையும் தாராளமாகச் செய்கிறவன் ஆயிற்றே, எண்ணெயையும் தாராளமாக ஊற்றி வைத்தேன். வெளியே எடுத்தால் அது வாணலி இல்லை, ஈ பிடிக்கிற பசைத்தாள். துடைக்கப் போன துணி ஒட்டிக்கொண்டது, துணியை இழுக்கப் போன பேக்கரிக்காரரின் விரலும் ஒட்டிக்கொண்டது. “அண்ணே, இதை வாசல்ல மாட்டி வெச்சா கடன் கேட்டு வர்றவங்க ஒட்டிப்பாங்க” என்று அவர் சொல்ல, மாவு மூட்டை இறக்க வந்தவர்களெல்லாம் சிரிக்க, எனக்கு மானம் போயிற்று. ஆனாலும் அவர் நல்ல மனுஷர். எண்ணெய் பூசியதே தெரியாதபடி சுத்தமாகத் துடைத்துவிட்டு, கவிழ்த்து வைத்து, புகை அடங்குகிற வரை விட்டுவிட வேண்டும், ஆறினதும் மறுபடி மெல்லிசாகப் பூசி மறுபடி உள்ளே வைக்க வேண்டும், அவசரப்பட்டால் பிசின்தான் மிஞ்சும் என்று மாப்பிள்ளையின் வீடியோ சொன்னதை என்னோடு சேர்ந்து உட்கார்ந்து அவரும் பார்த்தார். அதற்கப்புறம் அடுப்பு ஓய்கிற நேரமெல்லாம் வாணலிக்கு ஓர் இடம் ஒதுக்கி வைத்தார், ஒரு முகச்சுளிப்பு இல்லை.

இப்போது அம்மாவின் வேலையைக் கேள். ஒவ்வொரு தடவை வாணலி அடுப்பிலிருந்து வந்ததும் சோதனை. நான் அதில் ஒரு முட்டையைப் பொரித்துக் கொண்டுபோய் வைப்பேன். முன்பெல்லாம் ஸ்பூனைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டவள் இப்போது நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணை மூடி, மென்று, பரீட்சைத் தாள் திருத்துகிற வாத்தியார் மாதிரி யோசிப்பாள். “பரவாயில்ல, போன தடவைக்கு இது தேவலை. ஆனா நடுவுல இன்னும் லேசா இரும்பு இருக்கு.” ஓரத்தை மட்டும் தின்றால் போதும், முழுதும் வேண்டாம் என்பேன். “முழுசாச் சாப்பிட்டாத்தானே எந்த இடத்துல இரும்பு அடிக்குதுன்னு சொல்ல முடியும்” என்பாள். நான் ஓடிப்போய் நடுப்பகுதியைத் தேய்ப்பேன். அடுத்த தடவை, கைப்பிடிப் பக்கம் என்பாள். கைப்பிடிப் பக்கம் தேய்ப்பேன். உருளைக்கிழங்கு போட்டுப் பார்த்தால்தான் சரியாகத் தெரியும் என்பாள், போடுவேன். வெங்காயம் போட்டால் எப்படி என்பாள், அதையும் போடுவேன். அளவெடுத்துத் தைத்த சட்டையைப் பத்துத் தரம் திருப்பிக் கொடுக்கிற வாடிக்கையாளரிடம் மாட்டிக்கொண்ட தையல்காரன் கதையாகிவிட்டது என் கதை. வாணலியோ நாளுக்கு நாள் கறுத்து, வழுவழுப்பாகி, முட்டை ஒட்டாமல் தானாக நழுவுகிற நிலைக்கு வந்துவிட்டது. கடைக் கதவு திறந்திருப்பதைப் பார்த்து ஓரிருவர் மிஷினைக் கொண்டுவந்து வைத்தார்கள். வாணலி ஆறுகிற நேரத்தில் சும்மா இருப்பானேன் என்று அவற்றையும் பிரித்தேன். ராத்திரி படுத்தால் தூக்கம் வந்தது. நான் மாடியேறும்போது அவள், “இன்னைக்கு எந்த மிஷின், ஊசி உடையுதா, நூல் அறுந்துபோகுதா” என்று கேட்பாள், நான் சொல்லிக்கொண்டே முட்டையை நீட்டுவேன், அவள் கேட்டுக்கொண்டே சாப்பிடுவாள்.

போன வாரம் ஆஸ்பத்திரியில் எடை பார்க்கும் நாள். அம்மா உள்ளே போய்த் தராசில் ஏறிக்கொண்டிருந்தாள், நான் வெளியே நின்றிருந்தேன், என் கால் தரையில் பாவவில்லை. அங்கே பெரிய கண்ணாடி போட்ட ஒரு நர்ஸ் பெண் இருக்கிறாள், ஊசி போடும்போதெல்லாம் அம்மாவின் கையைத் தடவிக் கொடுப்பாளே, நீகூடப் பார்த்திருக்கிறாய். அவள் வந்து, “சந்தோஷமா இருங்க சார், எடை ஏறிடுச்சு, டாக்டர் கேட்டதுக்கு மேலயே ஏறியிருக்கு” என்றாள். நன்றி சொல்ல வேண்டுமே, அதை விட்டுவிட்டு உளற ஆரம்பித்துவிட்டேன். எல்லாம் அந்த வாணலிதாம்மா, துருவை எடுத்த பிறகுதான் அவளுக்கு இரும்பு வாசனை குறைந்தது, எத்தனை நாள் தேய்த்தேன் தெரியுமா என்று வினிகரிலிருந்து பேக்கரி வரை ஒப்பித்தேன். அந்தப் பெண் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தாள். “அம்மா இன்னுமா உங்ககிட்ட சொல்லல” என்றாள்.

அந்த இரும்பு வாசனை மருந்தினால் வருவதாம். இந்த மருந்து ஏறுகிற பாதிப்பேருக்கு அப்படித்தான் இருக்குமாம், பாத்திரத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லையாம், சில வாரங்களில் தன்னால் மட்டுப்படுமாம். முதல் நாளே இதையெல்லாம் அம்மாவிடம் விளக்கிச் சொல்லி, மரக் கரண்டியில் சாப்பிடச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். அம்மாவும் நன்றாகப் புரிந்துகொண்டு தலையாட்டியிருக்கிறாள். பிறகு நான் வாணலியைத் தூக்கிய செய்தியை அவளிடம் சொல்லி, “எங்க வீட்டுக்காரர்கிட்ட மட்டும் சொல்லிடாதம்மா” என்று கேட்டுக்கொண்டாளாம். ஏன் என்று நான் கேட்டேன். நர்ஸ் பெண் அம்மா சொன்னதை அப்படியே சொன்னாள். “நாள் பூரா என் எதிர்ல நாற்காலியைப் போட்டு மூஞ்சியையே பாத்துட்டு உக்காந்திருக்காரு. நான் ஒரு வாய் முழுங்கினா அவர் தொண்டையும் கூடவே ஏறி இறங்குது. எனக்கு என் வியாதியைத் தாங்கிக்க முடியுது, அவர் பயத்தைப் பாக்கத்தான் முடியல. கையில இரும்பு இருந்தாத்தான் அவர் மனுஷனா இருப்பார். அவர் தேய்க்கட்டும், நான் எப்படியாவது தின்னுடறேன்.”

வாலு, நான் அங்கே இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். வாய்க்குள் வைக்கிற ஒவ்வொரு துண்டும் துருப்பிடித்த ஆணியாக இருந்திருக்கிறது, அவள் அதை மென்று விழுங்கிவிட்டு, கைப்பிடிப் பக்கம் இன்னும் கொஞ்சம் தேயுங்கள் என்று எனக்கு வேலை கொடுத்திருக்கிறாள். நான் அவளைக் காப்பாற்றுகிறேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மாடியேறி இறங்கினேன், அவள் கட்டிலில் படுத்தபடியே என்னைத் தூக்கி நிறுத்தியிருக்கிறாள். இத்தனை வருடம் கூட வாழ்ந்தவளுக்கு நன்றி என்று ஒரு சொல் நான் சொன்னதில்லை, அது நம் வீட்டில் வழக்கமும் இல்லை. அன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுந்தேன். அதற்குள் அவள் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டே வெளியே வந்து, “என்ன, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க, ஏறிடுச்சுல்ல, வாங்க போகலாம்” என்றாள். நான் அவள் பையைத் தூக்கிக்கொண்டேன்.

வரும் வாரம் அடுத்த சுற்று மருந்து ஆரம்பம். மறுபடி இரும்பு வாசனை வரலாம் என்று நர்ஸ் பெண் சொல்லியிருக்கிறாள், இந்தத் தடவை எனக்கும் தெரியும். மாப்பிள்ளையிடம் நான் நன்றி சொன்னதாகச் சொல்லு, அவர் அனுப்பிய வீடியோ இல்லாவிட்டால் உன் அம்மா மிஷின் எண்ணெயையும் சேர்த்து மன்னிக்க வேண்டியிருந்திருக்கும். உன் வீட்டு வாணலியைக் கழுவியதும் ஈரத்தோடு கவிழ்த்துவிட்டு ஆபீசுக்கு ஓடாதே, அடுப்பில் ஒரு நிமிடம் காய வைத்துவிட்டுப் போ. சாப்பிடாமல் ஓடுகிற பழக்கம் இன்னும் இருக்கிறதா, இருந்தால் விடு. பேத்திக்கு இருமல் நின்றதா என்று போனில் சொல்லு. நம் வீட்டுச் சொட்டுக் குழாயைச் சரிசெய்துவிட்டேன், அம்மாவுக்கு இப்போது அந்தச் சத்தம் இல்லாமல் தூக்கம் வரவில்லையாம்.

இன்றைக்குக் காலையில் நடந்ததைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன், இதைச் சொல்லத்தான் உண்மையில் காகிதத்தை எடுத்தேன். கடையைத் திறந்தால் மேஜையின் மேல் ஒரு பெரிய இரும்புப் பானை உட்கார்ந்திருக்கிறது. மூடியும் பானையும் துருவில் ஒன்றோடொன்று இறுகிப்போய், எது மூடி எது பானை என்று தெரியவில்லை. படியில் நின்று அம்மா, “பேக்கரிக்காரர் வீட்டுல குடுத்து விட்டாங்க, பாவம், சரிபண்ணித் தர முடியுமான்னு கேட்டாங்க. ஒண்ணும் அவசரமில்ல, மெதுவாப் பண்ணுங்க” என்றாள். எதிர்வீட்டில் போய் விசாரித்தேன். பேக்கரிக்காரர் தலையைச் சொறிந்தார். “நாங்க எங்கண்ணே கேட்டோம், அதைத் தூக்கிப் போடத்தான் பின்னாடி வெச்சிருந்தேன். அண்ணிதான் சொல்லி அனுப்பினாங்க, உங்ககிட்ட இருக்கறதுலயே ரொம்ப மோசமாத் துருப்பிடிச்சது எதுவோ அதைக் குடுங்கன்னு” என்றார். நான் திரும்பி வந்து மூடியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. மேலே பார்த்து, இது ரொம்ப நாள் பிடிக்கும் போலிருக்கே என்றேன். “பிடிக்கட்டும், நான் எங்க போகப் போறேன்” என்றாள்.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் பேத்திக்கும் எங்கள் இருவருடைய ஆசியும் முத்தங்களும். நோய் நொடி அண்டாமல், கைக்கு வேலையும் வாய்க்கு ருசியும் குறையாமல் நீங்கள் நீடூழி வாழ வேண்டும். ஒன்றே ஒன்று ஞாபகம் வைத்துக்கொள். இந்தக் கடிதத்தைப் பற்றி அம்மாவிடம் மூச்சு விடாதே. போனில் பேசும்போது, அப்பா என்ன செய்கிறார் என்று எப்போதும் போல் கேலியாகக் கேள், பானை தேய்க்கிறார் என்பாள், நீயும் எப்போதும் போல் சிரி. எனக்கு எதுவும் தெரியாது என்றே அவள் நினைத்துக்கொண்டிருக்கட்டும்.

வினிகர் வாங்கக் கிளம்பிக்கொண்டிருக்கும்
உன் அப்பா